வண்டிக்குச் சொந்தக்காரி

மறுபடியும் அந்தச் சத்தம். ரோட்டில் எங்கே சின்ன மேடு வந்தாலும் பின்னால் நிற்கிற புல்லட் ஒரு தடவை முனகிவிட்டுத்தான் அடங்குகிறது. கயிறு நெரிகிறதோ, ஸ்டாண்டு தகரத்தில் இடிக்கிறதோ, என்ன எழவோ, கோவில்பட்டியில் ஏற்றிக் கட்டினதிலிருந்து தங்கபுஷ்பத்துக்கு இதே பாட்டுத்தான். ஆந்திரா பூராவும் கேட்டாள், ஒரிசாவில் மழைக்குள்ளே கேட்டாள், சிலிகுரி தாண்டி ஆற்றுப்பாலம் ஏறி இறங்கி, இப்போது ரெண்டு பக்கமும் தேயிலையாக ஓடுகிற இந்த வழியிலும் கேட்கிறாள். தேயிலை என்றால் மலைச்சரிவில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இங்கே நம்ம ஊர்ப் பருத்தி மாதிரி சமதரையில் கிடக்கிறது. அழகாகத்தான் இருக்கும்போல. பார்ப்பதற்குத்தான் கண்ணில் தெம்பில்லை. இடுப்பு இருக்கிற இடம் தெரியவில்லை, கால் வீங்கி மெட்டி விரலைக் கவ்விக்கொண்டிருக்கிறது, வேனுக்குள் அடிக்கிற வெல்ல வாசனை முதல் நாள் பசியைக் கிளப்பியது, இப்போது குமட்டலைக் கிளப்புகிறது. வேன் அவள் தம்பி பொன்ராசுவினுடையது. கடலைமிட்டாய் போடுகிறவன், மற்ற நாட்களில் இதில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மிட்டாய்தான் போகும். இப்போது அத்தானுடைய புல்லட் போகிறது, பூட்டானுக்கு. அத்தான் வேனில் வரவில்லை. அத்தான், அதாவது அவள் வீட்டுக்காரர் அருணகிரி, கூட்டாளிகள் மூணு பேரோடு விமானத்தில் வந்து இறங்கி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெய்காவ் என்கிற ஊரில் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் வேன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நாளைக் காலையில் பர்மிட் ஆபீசில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் புல்லட்டை எடுத்துக்கொண்டு மலையேறி அவர் போய்விடுவார். போய்விடுவார் என்று மனசில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல வார்த்தையே வராதா இந்த மனசுக்கு. போயிட்டு வருவார், போயிட்டு வருவார் என்று ரெண்டு தடவை திருத்திச் சொல்லிப் பார்த்தாள். முதலில் வந்த வார்த்தைதான் நகராமல் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

கையெழுத்து அவள்தான் போடவேண்டும், ஏனென்றால் வண்டி அவள் பேரில் இருக்கிறது. சிரிக்காமல் என்ன செய்ய. புல்லட்டுக்குக் கியர் எந்தக் காலில் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் கழுகுமலையில் ஒரு ஜோசியர் ரெண்டு ஜாதகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு ஐம்பதுக்கு மேலே வாகனத்தால் கண்டம், பெண்ணுக்கு வாகன யோகம் பிரமாதம், எந்த வண்டி எடுத்தாலும் பெண்சாதி பேரில் எடுங்கள், கண்டம் தேடிக்கொண்டு வந்து பேரைப் பார்த்துவிட்டு ஆள் மாறிப் போச்சு என்று திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டார். கண்டமும் தபால்காரர் மாதிரி விலாசம் பார்த்துத்தான் வரும்போல. அன்றிலிருந்து மொபெட், கார், பெயிண்ட் கடைக்கு வாங்கின லோடு ஆட்டோ, கடைசியில் இந்தப் புல்லட், எல்லாமே தங்கபுஷ்பம் பேரில். ஹெல்மெட் போடாமல் அவர் போனால் அபராதம் இவள் போனுக்கு வரும். சிக்னல் தாண்டினால் இவள் தாண்டினதாகக் கணக்கு. கோவில்பட்டியில் வண்டியே ஓட்டாமல் இத்தனை குற்றம் செய்த பொம்பளை வேறு எவளும் இருக்கமாட்டாள். கூட்டாளிகள் மூணு பேரும் அங்கே போய் வாடகைக்கு வண்டி எடுக்கிறார்கள். இவர் மட்டும் என் வண்டி இல்லாமல் நான் வரமாட்டேன் என்று நின்றார். வேறு நாட்டுக்குள் போகிறபோது வண்டி ஒருத்தர் பேரில், ஓட்டுகிறது இன்னொருத்தர் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம், ஆனால் சொந்தக்காரரே பக்கத்தில் நின்றுவிட்டால் ஒரு கேள்வியும் வராது என்று அவர்களில் விவரம் தெரிந்தவர் சொன்னார். அப்ப நீயும் வா தங்கம், ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு, டிக்கெட் போடுறேன் என்றார் இவர். டிக்கெட் வேண்டாம், வண்டிக்காரி வண்டியோடயே வரேன் என்று அவள்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்புக்குச் சொல்லவில்லை. இத்தனை தூரம் போகிற வழியில் எங்கேயாவது ஒரு இடத்தில் தைரியம் வந்து, வேனைத் திருப்புடா என்று தம்பியிடம் சொல்லிவிடமாட்டோமா என்றுதான் ஏறி உட்கார்ந்தாள். நெல்லூரில் வரும் என்று பார்த்தாள். புவனேஸ்வரத்தில் வரும் என்று பார்த்தாள். தம்பி பாவம், ஓட்டி ஓட்டிக் கண் சிவந்துபோய், அக்கா காபி குடிக்கிறியா, அக்கா காலை நீட்டிக்கோ என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனிடம் என்னத்தைச் சொல்ல.

அருணகிரிக்கு வலிப்பு வருகிறது. இந்த மூணு வார்த்தையை மனசுக்குள் சொல்வதற்கே அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள். முதல் தடவை கடையில் வந்தது. யாருக்கோ வாசல் கதவுக்குப் பச்சை கலந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது, பார்வை நின்றது, வாய் மட்டும் வெற்றிலை மெல்கிற மாதிரி அசைபோட்டது, வலது கை சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது, அப்புறம்தான் விழுந்தார். வெயில் என்றார்கள், வெறும் வயிறு என்றார்கள், சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ரெண்டாவது தடவை குளியலறையில். மதுரைக்குக் கூட்டிப்போய் மூளையைப் படம் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி; பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீங்க, நான் சொல்லுகிறவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க என்று ரெண்டு தடவை சொன்னார். அருணகிரி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மண்டையை மண்டையை ஆட்டினார். படியிறங்கி வெளியே வந்ததும், தங்கம், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், அனுசுயாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், அப்பனுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா ஒரு பய வாசலை மிதிக்கமாட்டான் என்றார். அது உண்மைதானே. வலிப்பு என்றால் பரம்பரைக்கும் வரும் என்று நினைக்கிற ஊர். அவளே அப்படி நினைத்தவள்தான், தன் வீட்டுக்கு வருகிறவரைக்கும். அதனால் அவளும் மண்டையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டித்தான் வேன் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

மூணாவது தடவை வந்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள். அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று ஒவ்வொரு ஊராகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள், வேறு நினைப்பு தீர்ந்துபோய்விட்டது, இனி அதுதான் பாக்கி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு வாய் அசைபோட ஆரம்பித்தது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், அது போதும், கையில் எதையும் கொடுக்கவேண்டாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் டாக்டரா ஞாபகத்துக்கு வருவார். சின்ன வயசில் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் விழுந்து துடித்ததும், இரும்பைக் கொடுங்கப்பா இரும்பைக் கொடுங்கப்பா என்று சுற்றி நின்றவர்கள் கத்தினதும்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆணியில் தொங்கின சாவியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் திணித்தாள். புல்லட் சாவி. விரல் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. தானாக அடங்கியிருக்கும், முந்தி ரெண்டு தடவையும் தானாகத்தானே அடங்கியது. கண்ணை முழித்தவர் கையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்துச் சிரித்தார். பாத்தியா தங்கம், எம் புல்லட்டுதான் என்னைக் கையைப் பிடிச்சு எழுப்பிவிட்டிருக்கு. வீட்டில் அரிவாள்மனை இருந்தது, தோசைக்கல் இருந்தது, உரலுக்குப் பக்கத்தில் பூண் போட்ட உலக்கைகூட இருந்தது. போயும் போயும் அந்தச் சாவியா அவள் கைக்குக் கிடைக்கணும். அன்றிலிருந்து மனுஷனுக்கு மாத்திரையில் நம்பிக்கை போய்ப் புல்லட்டில் வந்துவிட்டது. மலைமேலே ஒரு வாரம் இந்த வண்டியை ஓட்டிட்டு வந்தேன்னா நோய் எங்கே இருந்துச்சுன்னு நீ தேடவேண்டியிருக்கும் என்பார். ராத்திரி மாத்திரை சில நாள் அட்டையிலேயே இருந்தது. கேட்டால் கோபம் வந்தது. கோபத்துக்குப் பயந்து கேட்காமல் விட்டாள், அப்புறம் கேட்காமல் விட்டதற்குப் பயந்தாள், இப்படியே பயந்து பயந்து அவளுக்கு இப்போது பயப்படக்கூடத் திராணி இல்லை, அலுப்புத்தான் மிச்சம்.

நடுவில் ஒரு சின்ன ஊரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மண்குவளையில் கொடுத்தான். பொன்ராசு வேனைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த பழைய தலையணையைத் தட்டிச் சரிபண்ணி, பெல்ட்டை ஒரு பல் இறுக்கிவிட்டு வந்தான். அத்தான் வண்டியில் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று கிளம்பும்போது சூடத்தில் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தான். பாசக்காரப் பயல். இவனிடம் சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும். பொன்ராசு, என்று ஆரம்பித்தாள். என்னக்கா என்றான். டீ நல்லாருக்கு என்றாள். அவன் உற்சாகமாகி, சாத்தூர்க்காரர்கள் பேச்சை எடுத்தான். சாத்தூர்க்காரர்கள் என்பது அனுசுயாவுக்குப் பார்த்திருக்கிற இடம். மாப்பிள்ளையின் அண்ணன் பொன்ராசுவுக்குக் கூட்டாளி. தையில் பூ வைக்க வருகிறோம் என்று நேற்றுக்கூடப் போன் போட்டார்களாம். குடும்பத்தைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்கவே இல்லையாம், நீ சொன்னால் போதும் பொன்ராசு என்று விட்டுவிட்டார்களாம். அத்தான் பூட்டான் மலையில் புல்லட்டோட நிற்கிற போட்டோவை அனுப்பப்போறேன்க்கா, மாமனார்னா இப்படில்ல இருக்கணும்னு அசந்துருவானுக என்றான். அவள் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

மறுபடியும் தேயிலை, மறுபடியும் முனகல். யானை கடக்கும் இடம் என்று படம் போட்டு எழுதியிருந்தது. யானைக்குக்கூடப் பலகை வைத்து எச்சரிக்கை சொல்கிறான். அந்த மலை ரோடுகளை அவள் பார்த்திருக்கிறாள், நேரில் இல்லை, டிவியில். ஒரு மாதமாக அவர் அதைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, கீழே மேகம். பாரு தங்கம், மேகம் நமக்குக் கீழே என்பார். அவளுக்கு மேகம் தெரியாது. புல்லட் தெரியும், அதன்மேல் அவர் தெரிவார், நேராக உட்கார்ந்திருப்பார், திடீரென்று வாய் மெல்ல ஆரம்பிக்கும், ஹாண்டில்பாரை விட்டுவிட்டு ஒரு கை சட்டைப் பித்தானைத் தேடிப் போகும், ரோடு வளையும், வண்டி வளையாது. இந்த இடத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. சரி, கையெழுத்துப் போடவில்லை என்றால் என்ன ஆகும். கூட்டாளிகள் முன்னால் அவர் முகம் எப்படிப் போகும். இவ்வளவு தூரம் வண்டியைச் சுமந்துகொண்டு வந்து எல்லையில் வைத்துக் கழுத்தறுத்துவிட்டாயே என்பார். சொல்லட்டும். காரணம் என்ன என்று மூணு பேரும் கேட்பார்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார், அவள் திறக்கவேண்டும். திறந்தால் கோவில்பட்டி பூராவும் தெரிந்துவிடும், சாத்தூருக்கும் போய்விடும், தை மாதம் பூ வராது, அனுசுயா அறைக்குள்ளே கதவைச் சாத்திக்கொள்வாள், அம்மா உன்னாலதான் என்று சொல்லாமல் சொல்லுவாள். அதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடலாமா. நிறையப் பேர் ஒன்றும் ஆகாமல்தானே போய்விட்டு வருகிறார்கள். ஒரு வாரந்தானே. ஒரு வாரம் முழுக்க வராமலே இருந்துவிட்டால். இருந்துவிடும். கடவுள் இருக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று சொன்ன மாத்திரத்தில் வாய் மெல்ல ஆரம்பித்தது, கை பித்தானைத் தேடியது, ரோடு வளைந்தது. செக்குமாடுகூட ஒரு சுற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் எடுக்கும், இந்த நினைப்பு எதையும் எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டு அவள் கையெழுத்துப் போடாத இடமே இல்லை. பேனாவை நீட்டுவார், எங்கேங்க என்று கேட்பாள், விரலால் காட்டுவார், போடுவாள். ஒரு தடவையாவது என்ன இது என்று கேட்டிருக்கலாமோ. கேட்டுப் பழகியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு பாடு இல்லையோ என்னவோ.

ஒரு ரயில்வே கேட்டில் வேன் நின்றது. முன்னால் மணல் லாரி, பின்னால் ஒரு பஸ். பொன்ராசு என்ஜினை அணைத்தான். இத்தனை நாளும் ஓடிக்கொண்டே இருந்த வேன் சும்மா நின்றதும் அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. தூரத்தில் நீலமாக மலை தெரிந்தது. அதான்க்கா பூட்டான் என்று தம்பி கையைக் காட்டினான். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதா என்று அவளுக்குத் திக்கென்றது. ஏதோ தைரியம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அது வரவே இல்லை. தைரியம் வராமலேதான் வாயைத் திறந்தாள்.

“பொன்ராசு, அத்தானுக்கு வலிப்பு இருக்குடா. மூணு தடவை வந்திருச்சு. வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். விளையாடுகிறாளோ என்று பார்த்தான், விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். எப்ப இருந்து என்று கேட்டான். சொன்னாள். கடை, குளியலறை, நாற்காலி, சாவி, எல்லாவற்றையும் சொன்னாள். இவ்வளவு நாள் தொண்டையில் நின்றதெல்லாம் ஒரு ரயில் வருவதற்குள் சொல்லி முடிக்கிற அளவுக்குத்தான் இருந்தது. அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தான். அப்புறம் ரொம்ப மெதுவாக, சாத்தூர்க்காரங்களுக்கு நான்லக்கா வாக்குக் கொடுத்திருக்கேன் என்றான்.

“அதுக்காக அவரைக் கொடுக்க முடியாதுல்லடா,” என்றாள் தங்கபுஷ்பம்.

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவர்தான். எங்கே வந்துட்டீங்க, ஏன் இவ்வளவு நேரம், இங்கே மழை விட்டிருச்சு, நாளைக்கு மேலே போகிற ரோடு சூப்பராக இருக்குமாம், வண்டி எப்படி இருக்கு, பெட்ரோலை வடித்துவிட்டுத்தானே ஏற்றினான், பேட்டரி வயரைக் கழட்டி வைத்திருக்கானா என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே போனார். பின்னால் கூட்டாளிகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட இந்தக் குரலை அவள் கேட்டதில்லை. இதைப் போய் உடைக்கணுமா என்று மனசு கடைசியாக ஒரு தடவை நழுவப் பார்த்தது. என்னங்க, கொஞ்சம் தனியா வாங்க என்றாள். வந்துட்டேன் சொல்லு என்றார். நாளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேங்க, தம்பிகிட்டே சொல்லிட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன் என்றாள். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாத கூட்ஸ் வண்டி. அவர் கத்துகிறாரா, திட்டுகிறாரா, போனை வைத்துவிட்டாரா, ஒன்றும் கேட்கவில்லை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது, எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை, அழுவதில்லை என்று இவ்வளவு தூரமும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். காதில் போனை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். கடைசிப் பெட்டி போனபிறகு அவர் மூச்சுவிடுகிறது கேட்டது. திட்டு ஒன்றும் வரவில்லை.

“தங்கம், பொன்ராசு ஓட்டட்டும். நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். அதுக்காவது கையெழுத்துப் போடுவியா?”

இதற்கு அவள் ஒத்திகை பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதே இல்லை, இது வேணும் அது வேணும் என்று சொல்லித்தான் பழக்கம். சரிங்க என்று சொல்ல வாய் தன்னால் திறந்தது. பின்னால் உட்காருகிறதைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லையே. பொன்ராசு நன்றாக ஓட்டுவானே. இவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டு போகலாமே, ஆசைப்பட்ட மனுஷன். பொன்ராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மெல்ல ஆரம்பித்தால் முன்னால் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். பிடித்திருக்கிற கை விட்டுப்போனால் யார் பிடிப்பது. முதலில் வேண்டாம் என்று சொன்னது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

“வேண்டாங்க,” என்றாள். “கை விட்டுருவீங்க. விழுந்திருவீங்க.”

ரூமுக்குள்ளிருந்து யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அருணகிரி, வண்டி வந்திருச்சா என்று. இரு வரேன் என்று அவர் பதில் கொடுத்தது கேட்டது. இங்கே கேட்டைத் தூக்கிவிட்டார்கள், பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தான், போகவா என்று பொன்ராசு கண்ணால் கேட்டான், அவள் பொறு என்று கையைக் காட்டினாள்.

“நீ வந்து அவனுக முன்னாடி எதுவும் சொல்லவேண்டாம் தங்கம்,” என்றார் அருணகிரி. “எனக்கு இருக்கிறதை நானே போய்ச் சொல்லிட்டு வரேன். போனை வச்சிராதே.”